மோட்டாரய்யாவைத் தொட்டால் ஆடு கத்துகிறது

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாலை, சால்வை, மோதிரம் எல்லாம் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. இருந்தாலும் நானும் ஓய்வு பெற்றவன்தான். ஐந்து வருடமாகப் பார்த்துவந்த கணினி, டி.வி. பொறுப்பிலிருந்து போன மாதம் என்னை விடுவித்துவிட்டார்கள். விழா ஒன்றும் நடக்கவில்லை. டி.வி. ரிமோட்டையும், அதன் பின்மூடி தொலைந்துபோனதால் பேட்டரியைப் பிடித்துவைக்க நான் சுற்றியிருந்த ரப்பர் பேண்டையும் புதிதாக வந்த டீச்சரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். ரப்பர் பேண்டுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து. நான் அப்படிப்பட்ட ஆள்.

அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பாவும் அம்மாவும் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பருத்திக்காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். நான் ஆறாவது படிக்கும்போதே எங்கள் தெருவுக்கு மனு எழுத ஆரம்பித்துவிட்டேன். தெருவிளக்கு எரியவில்லையா, ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போச்சா, நேரே எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று அடிக்கோடு போட்டு எழுதிக் கொடுப்பேன். சில மனுக்களுக்கு விளக்கு எரியவும் செய்தது. அதிலிருந்து உலகத்தில் எதை வேண்டுமானாலும் எழுதியே வாங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேசும் சுவரொட்டி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கணினியில் ஒரே பக்கத்தில் படம், எழுத்து, குரல், வீடியோ எல்லாவற்றையும் வைத்துப் பிள்ளைகளே செய்வது. தொடுதிரை டி.வி.யில் போட்டுப் படத்தைத் தொட்டால் அது பேசும். செய்முறையைப் பயிற்சியில் இரண்டு நாள் சொல்லித்தருவார்கள். தேநீரும் உண்டு. அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை.

எங்கள் பள்ளியின் பெயர் வேண்டாம். பரளச்சிக்கும் திருச்சுழிக்கும் இடையில், டிரைவருக்கு மனசு இருந்தால் பஸ் நிற்கிற ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள நடுநிலைப் பள்ளி. நான் அங்கே கணக்கும் அறிவியலும் நடத்தினேன்.

பயிற்சி முடித்து வந்த முதல் வாரம், தாவர செல்லைப் பற்றி ஒரு சுவரொட்டி செய்யச் சொன்னேன். ஆளுக்கு ஒரு பகுதி. பிள்ளைகள் இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். திரையைத் திறந்தால் உச்சியில் "வருக! வருக!" என்று இரண்டு பக்கமும் கை கூப்பிய படம். நடுவில் செல்லின் உட்கரு, தலையில் கிரீடம். மைட்டோகாண்ட்ரியாவுக்கு "ஆற்றல் நாயகன்" என்று பட்டம். பசுங்கணிகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. செல் சுவரைச் சுற்றிலும் வகுப்புப் பிள்ளைகளின் மாமன், மச்சான், சித்தப்பா எல்லோருடைய பாஸ்போர்ட் சைஸ் படங்களும் வரிசை வரிசையாக இருந்தன.

"ஏலே கருப்பசாமி, இவுகல்லாம் செல்லுக்குள்ள என்னலே பண்றாக?" என்று கேட்டேன்.

"சார், போஸ்டருன்னு சொன்னீகல்ல? படம் போடலைன்னா மாமா கோவிச்சுக்கிருவாக சார்."

அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் காதுகுத்தா, கல்யாணமா, எதுவானாலும் ரோட்டோரத்தில் பிளெக்ஸ் நிற்கும். அதில் யார் படம் மேலே, யார் படம் கீழே, யாருக்குப் பெரிசு, யாருக்குச் சிறிசு என்பதற்கு எழுதப்படாத சட்டம் இருக்கிறது. தாய்மாமன் படம் ஓர் அங்குலம் கீழே இறங்கியதால் பந்தியில் உட்காராமல் போன சொந்தங்கள் உண்டு. பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இந்தச் சட்டத்தையும் பழகிவிடுகிறார்கள். நான் மட்டும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

இனி தண்ணீர் விஷயம். பள்ளியின் ஆழ்துளைக் கிணறு நான் போய்ச் சேர்ந்த மறு வருடமே வற்றிவிட்டது. சத்துணவுக்கும் குடிக்கவும் தெருக்குழாயிலிருந்து குடத்தில் எடுத்து ஒப்பேற்றிவிடுவார்கள். கழிப்பறைக்கு வழியில்லை. பையன்கள் வேலிக்கருவைப் புதர்ப் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் மத்தியான மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடுவார்கள். வீடு கிட்டத்தில் இருப்பவர்கள் திரும்பி வருவார்கள். தள்ளி இருப்பவர்கள் அவ்வளவுதான். என் கணக்கு வகுப்பும் அறிவியல் வகுப்பும் மத்தியானத்தில்தான். பெண்கள் பக்கம் பாதி பெஞ்சு காலியாகக் கிடக்கும்.

அந்தக் காலி பெஞ்சில் முதல் இடம் பாண்டிச்செல்விக்கு. எட்டாம் வகுப்பு. வீடு கண்மாய்க்கு அந்தப் பக்கம். வகுப்பிலேயே வேகமாகக் கணக்குப் போடக்கூடிய பிள்ளை, வருடத்தில் பாதிக் கணக்கைக் கேட்காமலே இருந்தது. அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்குத் திருச்சுழி போக வேண்டும். அங்கே போய்த் திணறும் என்று எனக்குத் தெரியும். அதுக்கும் தெரியும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பள்ளிச் சுவருக்கு அடுத்த பக்கமே தண்ணீர் இருந்தது. ஊர்க்காரர்கள் மோட்டாரய்யா என்று அழைக்கும் பெரிய விவசாயி ஒருவரின் தோட்டம். சுற்றுவட்டாரத்தில் வற்றாத கிணறு அவருடையது ஒன்றுதான். மோட்டார் போட்டால் தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் எட்டாம் வகுப்பில் தெளிவாகக் கேட்கும். கழிப்பறை பூட்டிக் கிடக்கிற பள்ளியில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். வாத்தியாராகிய நானே நெளிவேன்.

எங்கள் தலைமையாசிரியை, நாங்கள் பெரிய டீச்சர் என்போம், ஒரு நாள் கேட்டார்: "சார், ஒரு எட்டுப் போயி அவுககிட்டயே கேட்டா என்ன?"

உடனே சத்துணவு அக்கா குறுக்கே வந்தார். "அவுககிட்டயா? போயி நின்னு பாருங்க டீச்சர். நாய அவுத்து விட்டுருவாக."

நான் பெரிய டீச்சரிடம், "வாய்வழியாக் கேட்டா அதுக்கு ஆதாரம் இருக்காது டீச்சர். முறையா எழுதியே வாங்குவோம்" என்றேன். எழுதினேன். ஊராட்சிக்கு, ஒன்றியத்துக்கு, தாலுகாவுக்கு. அடிக்கோடெல்லாம் அருமையாக இருந்தது. "பரிசீலனையில் உள்ளது" என்று பதில்கள் வந்தன. ஒவ்வொன்றையும் கோப்பில் போட்டு நூல் கோத்தேன். அந்தக் கோப்பு தலையணை உயரம் ஆகிவிட்டது. பூட்டு அப்படியே தொங்கியது.

அந்த வருடத்துப் பேசும் சுவரொட்டிக்குப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்த தலைப்பு "எங்கள் ஊர்த் தண்ணீர்". பாண்டிச்செல்வியும் கருப்பசாமியும் என் போனை வாங்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிப் படமும் குரலும் எடுத்து வந்தார்கள். மொத்தம் ஏழு படம். முதலில் தண்ணீர் தேடி நாக்கைத் தொங்கப்போட்ட ஓர் ஆடு. பிறகு காய்ந்த கண்மாய். தெருக்குழாயில் குட வரிசை. மோட்டாரய்யா. சத்துணவு அக்கா. பூட்டிய கழிப்பறைக் கதவு. கடைசியாகப் பெரிய டீச்சர். ஒவ்வொன்றுக்கும் உரிய குரல் இருந்தது. ஆட்டுக்கு ஆட்டின் குரல். குட வரிசைக்குக் குழாயடிச் சண்டை. கழிப்பறைக் கதவுக்குப் பாண்டிச்செல்வியே பேசியிருந்தது.

மோட்டாரய்யாவின் பேச்சு மட்டும் பத்து நிமிடத்துக்கு ஓடியது. எந்தக் கிழமையில் எந்த நேரத்தில் போர் போட்டார், எத்தனை அடியில் பாறை வந்தது, நீரோட்டம் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காய் எப்படி நட்டுக்கொண்டு நின்றது என்று சொல்லிக்கொண்டே போனார். தேங்காய் நிற்கிற இடம் வரை கேட்டேன். அதற்கு மேல் பொறுமையில்லை. "இதுல முக்கியமான பகுதிய மட்டும் வெட்டி வையி தாயி" என்று பாண்டிச்செல்வியிடம் சொல்லிவிட்டேன். எது முக்கியம் என்று அதுவும் என்னிடம் கேட்கவில்லை, எதை வைத்தாய் என்று நானும் கேட்கவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் திரையிட ஏற்பாடு. பேச்சு எடுக்கப் போனபோதே பாண்டிச்செல்வி, "அய்யா, டி.வி.ல வருவீக. கூட்டத்துக்கு வந்து பாருங்க" என்று அழைத்துவிட்டது. அவரும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் பள்ளிக்குள் கால் வைப்பது அதுதான் முதல் முறை.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் குழுவின் தலைவி மாரியக்கா ஏற்பாடுகளைப் பார்க்க வந்தார். கருப்பசாமியின் அம்மா. அவருடைய அண்ணன் அருப்புக்கோட்டையில் பிளெக்ஸ் கடை வைத்திருப்பதால் இந்த விஷயத்தில் ஊருக்கே அவர் சொல்தான் தீர்ப்பு. திரையைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

"சார்! ஆடு மேல, அய்யா கீழயா? இதுக்கு அவுகளக் கூப்புடாமலே இருந்துருக்கலாம்."

"அக்கா, கதை ஆட்டுலதான் ஆரம்பிக்குது. அது ஒரு ஒழுங்கு."

"எங்க ஒழுங்கச் சொல்றேன், கேளுங்க. அய்யா படம் மொத இடம், பெருசா. பெரிய டீச்சரு குடத்துக்கெல்லாம் கீழ நிக்கலாமா? அவுகள மேல ஏத்தி, குடத்த அவுக எடத்துக்கு எறக்குங்க. அந்தக் கக்கூசுக் கதவ டீச்சரு பக்கத்துல வச்சது யாரு? கருமம். அதத் தூக்கி அய்யா இருந்த எடத்துல போடுங்க. ஆட்ட எங்கயாச்சும் ஓரமாக் கட்டுங்க."

அவர் விரலை நீட்ட நீட்ட நான் படங்களை இழுத்து இழுத்து வைத்தேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மாரியக்கா திரும்பிப் பார்த்து, "இப்பத்தான் லட்சணமா இருக்கு" என்றார். நாலரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கணினியை மூடிவிட்டு ஓடினேன்.

தம்பி, தங்கைகளே, இந்தத் தொழிலில் என் மிகப்பெரிய தவறு அந்த ஓட்டம்தான். நான் நகர்த்தியது படங்களை மட்டும். குரலை வைக்கும் பொத்தான் கண்ணுக்குத் தெரியாமல் படத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தனியாக நகர்த்த வேண்டும். நான் நகர்த்தவில்லை. ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆட்கள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள், குரல்கள் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தன.

மறுநாள் கூட்டம். எட்டாம் வகுப்பறை நிறைந்துவிட்டது. மோட்டாரய்யா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தார். மனைவியையும் அழைத்து வந்திருந்தார். திரையில் தன் படம் உச்சியில் பெரிதாக இருப்பதைப் பார்த்ததும் துண்டைச் சரிசெய்துகொண்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். மாரியக்கா என்னைப் பார்த்து, சொன்னேனா இல்லையா என்பதுபோலத் தலையாட்டினார்.

பெரிய டீச்சர் வரவேற்றுப் பேசினார். பாண்டிச்செல்வி திரைக்கு முன்னால் வந்தது. "முதலில் நம் ஊரின் மதிப்புக்குரிய அய்யா அவர்கள் பேசுவார்கள்" என்று சொல்லி அவர் படத்தைத் தொட்டது.

"ம்ம்மே... மே...ஏ...ஏ."

பிள்ளை பதறிப்போய் இன்னொரு தடவை அழுத்தியது. ஆடு இன்னும் உருக்கமாகக் கத்தியது. முதலில் வெடித்துச் சிரித்தது யார் என்கிறீர்கள்? மோட்டாரய்யாவின் மனைவிதான்.

"காலையில காப்பி கேக்குறது இப்புடித்தான்" என்றார் அந்த அம்மா, பக்கத்தில் இருந்த சத்துணவு அக்காவிடம். அது வகுப்பு முழுவதற்கும் கேட்டது.

நான் சுவிட்ச் போர்டை நோக்கி நகர்ந்தேன். கரண்ட் போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்பதுதான் அந்த நேரத்தில் என் அறிவுக்கு எட்டிய தீர்வு. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது என்பது எட்டவில்லை. சுவிட்சில் விரல் பட்டபோது மோட்டாரய்யா எழுந்து நின்றார்.

"ஏப்பா வாத்தியாரே, எங்க போற? பேசுனது நானு. பிள்ளைக வீட்டுக்கு வந்து போன்ல புடிச்சிட்டுப் போச்சுக. எங்கப்பா என் பேச்சு?"

"அய்யா, அது வந்து... ஒரு சின்னத் தொழில்நுட்பக் கோளாறு..."

"கோளாறு கெடக்கட்டும். என் பேச்சு உள்ள இருக்கா, இல்ல அழிச்சிட்டியா?"

"இருக்குதய்யா. வேற ஏதோ படத்துல போயி..."

"அப்பத் தேடு. கண்டுபிடிக்காம நான் இந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்." எழுந்து நின்றபடியேதான் இதைச் சொன்னார். பிறகு ஞாபகம் வந்து உட்கார்ந்தார்.

என் விரல் சுவிட்சிலேயே இருந்தது. அணைத்துவிட்டால் இந்த அவமானம் இத்தோடு போகும். ஆனால் அவரும் போய்விடுவார், இனி இந்தப் பள்ளி வாசலை எட்டிப் பார்க்கவும் மாட்டார். அணைக்காவிட்டால் அடுத்து எது எதன் குரலில் பேசும் என்பது எனக்கே தெரியாது. பெரிய டீச்சர் என் பக்கம் பார்த்து, வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். விரலை எடுத்துவிட்டேன். என் பணிக்காலத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று. எதையும் செய்யாமல் இருந்தது.

"தேடு தாயி" என்றேன் பாண்டிச்செல்வியிடம்.

அது கண்மாயைத் தொட்டது. கண்மாய் சரியாகவே பேசியது. சத்துணவு அக்காவைத் தொட்டது. அவரும் அவராகவே, பாத்திரம் கழுவத் தண்ணீர் போதாத கதையைச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அடுத்தது பெரிய டீச்சரின் படம். கை கூப்பி, நெற்றியில் விபூதியோடு, சாந்தமாகச் சிரிக்கிற படம். தொட்டதும்:

"ஏய், யாரு குடத்தடி நகட்டுற? நானு கோழி கூவயில வந்து போட்ட குடம்டி இது! தொட்டுப் பாரு, கொண்டையப் பிச்சுருவேன்!"

வகுப்பு கூரை பிய்ந்துபோகிற மாதிரிச் சிரித்தது. பெரிய டீச்சர் தலை குனிந்து புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சண்டையின் உண்மையான சொந்தக்காரர் பின்வரிசையில் இருந்தார். "ஆத்தி, அது நானு!" என்று அவர் முகத்தை மூடிக்கொள்ள, அவர் பிள்ளை, "எங்கம்மா, எங்கம்மா" என்று கைதட்டியது.

"இதுவும் நான் இல்ல. மேல போ" என்றார் மோட்டாரய்யா. அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. தன் பேச்சைத் தொலைத்தவராக இருந்தார்.

குட வரிசையைத் தொட்டது. "உயர்திரு ஆணையர் அவர்களுக்குப் பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில், எம் பள்ளியின் மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர் வசதி..." என்று ஏழெட்டுப் பிளாஸ்டிக் குடங்கள் பெரிய டீச்சரின் குரலில் மனு வாசித்தன. எழுதியவன் நான். அந்த அடிக்கோடு போட்ட தமிழைக் குடங்களின் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு வெறுமையாக ஒலிக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

"யாருக்கு எழுதுனது இது?" என்று மோட்டாரய்யா கேட்டார்.

"எல்லாருக்கும்தான் அய்யா" என்றேன்.

அடுத்து ஆடு. ஓரமாகக் கட்டச் சொன்ன ஆடு. பாண்டிச்செல்வி கை நீட்டியது, நீட்டிய கையை இழுத்துக்கொண்டது. மீதி இருப்பது எந்தக் குரல் என்று அதுக்குத் தெரிந்துவிட்டது.

"தொடு பிள்ள" என்றார் மோட்டாரய்யா.

தொட்டது. நாக்குத் தொங்கிய ஆடு, பாண்டிச்செல்வியின் குரலில் பேசியது.

"எங்க பள்ளிக்கூடத்துல கக்கூசு இருக்கு, தண்ணி இல்ல. அதனால காலையில இருந்து நான் தண்ணி குடிக்க மாட்டேன். மத்தியானம் மணி அடிச்சதும் வீட்டுக்கு ஓடுவேன். போயிட்டுத் திரும்பி வாரதுக்குள்ள கணக்குப் பீரியடு முடிஞ்சிரும். அதனால வாரதில்ல. எனக்குக் கணக்கு நல்லா வரும். பக்கத்துத் தோட்டத்துல தண்ணி விழுகுற சத்தம் கேக்கும்போது மட்டும் கணக்குத் தப்பாப் போயிரும்."

முதல் வரிக்குச் சிரித்தவர்கள் இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டார்கள். மோட்டாரய்யா திரையில் இருந்த ஆட்டைப் பார்த்தார். பிறகு அதன் பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

பாக்கி இருந்தது ஒரே படம். மாரியக்கா வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். மாணவியர் கழிப்பறைக் கதவு, நடுவில் துருப்பிடித்த பூட்டு. மோட்டாரய்யாவின் பேச்சு இருக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவருக்கும்தான்.

பாண்டிச்செல்வி யாரையும் கேட்காமல் தொட்டது.

கழிப்பறைக் கதவு கம்பீரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டது. "இம்புட்டுத் தண்ணியவும் வச்சு நான் ஒருத்தனே குடிக்கப் போறனா? தண்ணி வேணும்னு எவனாச்சும் வந்து கேட்டா, இல்லைன்னா சொல்லப் போறேன்? ஒரு பய வந்து கேக்கலையே! எல்லாம் மனுவத் தூக்கிக்கிட்டு ஆபீசு ஆபீசா அலையுதுக. பக்கத்துல ஒருத்தன் இருக்கானேன்னு எவனுக்கும் தோணல."

பத்து நிமிடப் பேச்சில் பாண்டிச்செல்வி வெட்டி வைத்திருந்த முக்கியமான பகுதி அதுதான். தேங்காய் நின்ற இடத்தோடு நான் எழுந்து போனேன் இல்லையா, அதற்குப் பிறகு அவர் பேசியது. அந்தப் பிள்ளை கடைசிவரை கேட்டிருக்கிறது.

நான் என்ன சொல்வதென்று யோசித்தேன். மன்னிப்பு முதலிலா, கோரிக்கை முதலிலா, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எப்படி அடக்குவது என்று மனதுக்குள் வரைவு எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குள் பெரிய டீச்சர் எழுந்துவிட்டார்.

"அய்யா, உங்ககிட்ட வந்து கேக்காதது எங்க தப்புதான். இப்பக் கேக்குறேன். எங்க பொம்பளப் பிள்ளைகளுக்குத் தண்ணி குடுங்க."

அவ்வளவுதான். பெறுநர் இல்லை, பொருள் இல்லை. தலையணை உயரக் கோப்பில் இல்லாத ஒரே வாக்கியம்.

மோட்டாரய்யா மனைவி பக்கம் திரும்பினார். அந்த அம்மா, "என்னைய என்ன பாக்குறீக? கதவுல இருந்து பேசுனது நீகதான?" என்றார்.

"ஏய், சும்மா இரு" என்றவர், எங்கள் பக்கம் திரும்பினார். "ஆடு கேக்குது, குடம் கேக்குது. நான் மாட்டேன்னு சொன்னா நாளைக்கு இன்னும் என்னென்னத்தப் பேச விடுவீகளோ. நாளைக்கே குழாயப் பதிச்சு சுவத்துக்கு அந்தப் பக்கம் விட்டுருவோம். மோட்டாரு ஓடுற நேரமெல்லாம் தொட்டி ரொம்பட்டும்." பிறகு என்னை நோக்கி விரலை நீட்டினார். "ஆனா வாத்தியாரே, அந்த ஆட்டுச் சத்தத்த என் படத்துல இருந்து எடுத்துரு. இப்பவே. என் கண்ணு முன்னால."

எடுத்தேன். அவசரத்தில் முதல் முறை தவறு செய்து, ஆட்டின் சத்தத்தை மாற்றி இன்னொன்றில் வைத்துவிட்டேன். எதில் என்று சொன்னால் பெரிய டீச்சர் இன்றைக்கும் வருத்தப்படுவார். அதனால் விடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவதை இதற்குள்ளேயே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். படத்தை நகர்த்தினால் தொட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பதிவுசெய்து வந்ததை, பத்து நிமிடமானாலும், தேங்காயைத் தாண்டியும் கேளுங்கள். எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, நான் இப்போதும் எழுதுகிறேன். ஆனால் ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால் எழுந்து போங்கள். நாய் இருக்கும் என்பார்கள். நான் பிறகு போய்ப் பார்த்தேன். நாய் இருந்தது. வயதானது. எழுந்துகூட நிற்கவில்லை.

குழாய் பதிக்க மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் பெரிய டீச்சர் பூட்டைத் திறந்தார். சாவி துருவில் சிக்கித் திரும்பாமல், கருப்பசாமி ஒரு கல்லை எடுத்து இரண்டு போடு போட்ட பிறகுதான் திறந்தது. மாணவிகள் உள்ளே போய் ஒரு குழாயைத் திறந்து, மூடி, திறந்து, மூடிப் பார்த்தார்கள். அது நன்றாக இருக்கிறது என்று எனக்கு வெளியில் வந்து அறிவித்தார்கள்.

அன்று மத்தியானம் வகுப்புக்குள் நுழைந்தேன். பெண்கள் பக்கம் ஒரு பெஞ்சும் காலியில்லை. உணர்ச்சிவசப்பட்டு ஏதாவது பேசிவிடுவேனோ என்று பயந்து, பலகைப் பக்கம் திரும்பி "இயற்கணிதக் கோவைகள்" என்று தலைப்பு எழுதினேன். பின்னாலிருந்து பாண்டிச்செல்வி எழுந்து நின்றது.

"என்ன தாயி?"

"சார், முன்னாடியெல்லாம் மத்தியானம் வீட்டுக்குப் போயிட்டா உங்க கணக்குல இருந்து தப்பிச்சிருவோம். எனக்காச்சும் கணக்குப் புடிக்கும். இவளுகல்லாம் என்னைய வையிறாளுக சார், உன்னாலதான்டின்னு."

பெண்கள் பக்கம் மொத்தமும் என்னை முறைத்துக்கொண்டிருந்தது. பலகையில் முதல் கணக்கை எழுதிவிட்டு, பாண்டிச்செல்வியையே வந்து போடச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை கணக்கைச் சரியாகவே போட்டது.